ஒரே நாணயம், பல நாடுகள்: சரிவின் சுமை யார் தலையில்?

2001 ஜனவரி 1 அன்று கிரேக்கத்தின் டிராக்மா, ஒரு யூரோவுக்கு 340.75 என்ற கணக்கில் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு டிராக்மா நோட்டுகள் கடைத்தெருவிலிருந்தே மறைந்தன. 2012 பிப்ரவரியில் அதே நாட்டின் அரசு, சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக வெட்டியது. இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெட்டு இன்னும் ஆழம். இந்த இரண்டு முடிவுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டிராக்மா இருந்திருந்தால் அதன் மதிப்பு சரிந்திருக்கும். அது இல்லாததால் சம்பளம் சரிந்தது.

பல நாடுகள் ஒரே நாணயத்தைப் பயன்படுத்துவது நல்லதா, கெட்டதா என்ற விவாதம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. வணிகம் பெருகும், விலைவாசி நிலைக்கும் என்பார் ஒரு சாரார். நாட்டின் கையிலிருக்கும் முக்கியக் கருவி பறிபோகும் என்பார் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு நாடு வாங்குவது அதிகமாகி விற்பது குறையும்போது, ஏதாவது ஒரு விலை இறங்கித்தான் கணக்கு நேராகும். அது நாணயத்தின் விலையா, உழைப்பின் விலையா, சொத்தின் விலையா என்பதை நாணய ஏற்பாடு தீர்மானிக்கிறது. இழப்பு யார் தலையில் விழும் என்பதும் அப்போதே தீர்மானமாகிவிடுகிறது. அந்தக் கோணத்திலிருந்து ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, இலங்கை ஆகிய இடங்களின் அனுபவங்களை இக்கட்டுரை அலசுகிறது.

மாற்று விகிதம் என்ன செய்கிறது?

பாடப்புத்தகம் சொல்லும் வழி எளிது. ஒரு நாட்டின் நாணய மதிப்பு இறங்கினால் அதன் சரக்கு வெளிநாட்டில் மலிவாகும், ஏற்றுமதி கூடும். இறக்குமதிச் சரக்கு உள்நாட்டில் விலை ஏறும், அதை வாங்குவது குறையும். வர்த்தகப் பற்றாக்குறை சுருங்கும். நடைமுறையில் இந்த வழியில் பல முட்டுக்கட்டைகள் உண்டு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, டி-சர்ட் ஒன்றுக்கு 3 டாலர் என்று ஆர்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாலர் 80 ரூபாயாக இருந்தபோது ஒரு சட்டைக்கு 240 ரூபாய் கிடைத்தது. டாலர் 88 ஆனால் 264 ரூபாய். சட்டைக்கு 24 ரூபாய் கூடுதல் லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த ஆர்டருக்கான டாலரை வங்கியில் 81 ரூபாய்க்கு முன்கூட்டியே விற்க ஒப்பந்தம் (‘பார்வர்டு’) போட்டிருந்தால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி கிடைக்காது. சாயம், ரசாயனம், இயந்திர உதிரி பாகம், கப்பல் வாடகை எல்லாம் டாலரைத் தொட்டே விலை போகின்றன. நூல் விலையும் உலகப் பஞ்சு விலையை ஒட்டி ஏறும். ரூபாய் இறங்கிய செய்தியைச் சட்டை வாங்குபவரும் படித்திருப்பார். அடுத்த சீசனுக்கு விலை பேசும்போது 2.80 டாலருக்குத் தர முடியுமா என்பார். கடைசியில் ஏற்றுமதியாளர் கையில் நிற்பது 24 ரூபாயில் ஒரு சிறு பங்குதான்.

நாடுகளின் கணக்கிலும் இதையே பார்க்கிறோம். 2012 இறுதியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 80 யென் என்று இருந்த ஜப்பானிய நாணயம், 2015இல் 120 யென் அளவுக்கு இறங்கியது. அப்படியிருந்தும் ஜப்பானின் ஏற்றுமதி அளவு எதிர்பார்த்தபடி பாயவில்லை. நிறுவனங்கள் வெளிநாட்டில் விலையைக் குறைத்துச் சந்தையைப் பிடிப்பதைவிட, பழைய விலையிலேயே விற்று லாபத்தைக் கூட்டிக்கொண்டன. பல தொழிற்சாலைகள் ஏற்கெனவே வெளிநாட்டுக்குப் போயிருந்தன.

இன்னொரு காரணத்தைப் பொருளியலாளர் கீதா கோபிநாத்தும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் விளக்கியிருக்கிறார்கள். உலக வணிகத்தின் பெரும்பகுதிக்கு விலைப்பட்டியல் டாலரில் போடப்படுகிறது. வாங்குபவரோ விற்பவரோ அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் இறக்குமதியில் ஏறத்தாழ 86 சதவீதத்துக்கு டாலரில் விலை போடப்படுகிறது. அமெரிக்காவிலிருந்து வருவதோ சுமார் 5 சதவீதம்தான் என்று 2015இல் அவர் காட்டினார். ஆகவே இந்தோனேசியாவிலிருந்து பாமாயில் வாங்கினாலும் நமக்கு முக்கியம் ரூபாய்க்கும் டாலருக்கும் உள்ள விகிதமே. ரூபாய் இறங்கினால் இறக்குமதிச் செலவு உடனே ஏறுகிறது. ஏற்றுமதிப் பயன் தாமதமாக, குறைவாக வருகிறது.

இவ்வளவு குறை இருந்தும் மாற்று விகிதத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரு நாட்டின் அத்தனை சம்பளத்தையும் அத்தனை விலையையும் வெளியுலகக் கணக்கில் ஒரே இரவில் இறக்கிவிட அதனால் முடியும். எந்தத் தொழிற்சங்கத்தோடும் பேச வேண்டாம், எந்தச் சட்டமும் போட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் இழப்பு உண்டு என்றாலும் ஒப்பந்தங்கள் முறிவதில்லை, வேலை அதே அளவில் போவதில்லை. பொதுநாணயத்தில் சேரும் நாடு விட்டுக்கொடுப்பது இந்த வசதியைத்தான்.

மண்டெல் கேட்ட கேள்வி

கனடாவில் பிறந்த பொருளியலாளர் ராபர்ட் மண்டெல் 1961இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு நாணயத்தின் எல்லை, நாட்டின் எல்லையாகத்தான் இருக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தனித்தனி நாணயங்கள். ஆனால் கார் உற்பத்தி கிழக்கிலும் மரத் தொழில் மேற்கிலும் இருந்தால், மக்களின் விருப்பம் மரத்திலிருந்து காருக்கு மாறும்போது மேற்குப் பகுதி முழுதும், இரு நாடுகளிலுமே, வேலையிழப்பைச் சந்திக்கும். நாட்டு எல்லைப்படி பிரிந்த நாணயம் அங்கே உதவாது.

இதிலிருந்து அவரும் பின்னால் வந்த ரொனால்டு மெக்கின்னன், பீட்டர் கெனன் ஆகியோரும் வகுத்த நிபந்தனைகள் இன்றும் அளவுகோலாக நிற்கின்றன. வேலை போன இடத்திலிருந்து வேலை இருக்கும் இடத்துக்கு மக்கள் போக முடிய வேண்டும். நலிந்த பகுதிக்குப் பொதுக் கருவூலத்திலிருந்து பணம் போக வேண்டும். உறுப்பு நாடுகள் தங்களுக்குள் நிறைய வணிகம் செய்ய வேண்டும். அவற்றின் பொருளாதாரம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். 1999இல் மண்டெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. யூரோ பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்த நிபந்தனைகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். இந்தியாவே ஒரு பொதுநாணயப் பகுதி. பீகாரும் தமிழ்நாடும் வருமானத்திலும் தொழில்வளத்திலும் ஐரோப்பிய நாடுகள் இரண்டுக்குள்ள வேறுபாட்டைவிடக் குறையாத வேறுபாடு கொண்டவை. ஆயினும் இரண்டுக்கும் ஒரே ரூபாய், ஒரே ரெப்போ விகிதம். இது தாங்கி நிற்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பீகார் இளைஞர் ரயிலேறித் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து வேலை பார்க்கலாம். ஊருக்குப் பணம் அனுப்பலாம். இரண்டாவது, மத்திய வரிப் பகிர்வு. பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு ஒதுக்கிய பங்கில் பீகாருக்கு 10.058 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். இந்தப் பங்கீடு நியாயமா என்று தமிழ்நாடு கேட்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் இத்தகைய பகிர்வே இல்லாமல் ஒரே நாணயத்தை மட்டும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி.

யூரோ கொடுத்ததும் எடுத்ததும்

1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், உறுப்பு நாடுகளின் அரசுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்கும், கடன் 60 சதவீதத்துக்கும் மிகக் கூடாது என்று விதித்தது. 1999இல் பதினொரு நாடுகளோடு யூரோ தொடங்கியது. 2023இல் குரோஷியாவும் 2026 தொடக்கத்தில் பல்கேரியாவும் சேர, எண்ணிக்கை இருபத்தொன்றாகியிருக்கிறது.

யூரோவால் வணிகம் எவ்வளவு கூடியது? இந்தக் கேள்விக்கு முதலில் வந்த விடை மலைக்க வைத்தது. பொதுநாணயம் கொண்ட நாடுகள் மற்ற நாடுகளைப் போல மூன்று மடங்குக்கு மேல் தங்களுக்குள் வணிகம் செய்கின்றன என்று பொருளியலாளர் ஆண்ட்ரூ ரோஸ் 2000இல் எழுதினார். ஆனால் அவர் எடுத்த தரவில் பொதுநாணய நாடுகள் பெரும்பாலும் சிறியவை, ஏழை நாடுகள், தீவுகள். அவற்றின் வணிகத்துக்கு வரலாறு, மொழி, காலனித் தொடர்பு என்று வேறு காரணங்களும் இருந்தன. யூரோ வந்தபின் அதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பல 5 முதல் 15 சதவீத உயர்வையே கண்டன. இதுவும் சிறிதல்ல. நாணய மாற்றுக் கட்டணம் ஒழிந்தது. ஜெர்மனியில் விலை பேசிவிட்டு மூன்று மாதம் கழித்து லிரா எங்கே நிற்குமோ என்று இத்தாலிய வணிகர் கவலைப்பட வேண்டிய நிலை போயிற்று.

அதற்குக் கொடுத்த விலை வட்டியில் ஒளிந்திருந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி 2003 ஜூனிலிருந்து 2005 டிசம்பர் வரை அடிப்படை வட்டியை 2 சதவீதத்தில் வைத்திருந்தது. அப்போது ஜெர்மனி தேக்கத்தில் கிடந்தது. அதற்கு 2 சதவீதம்கூட அதிகமாகப் பட்டது. ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் விலைவாசி அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. அங்கே கடன் வாங்குவதே லாபம் என்றாயிற்று. குளிரில் நடுங்குபவருக்கும் வியர்த்துக் கொட்டுபவருக்கும் ஒரே கம்பளியைப் போர்த்தியது போல இருந்தது நிலைமை. ஸ்பெயினில் கடன் முழுதும் வீடு கட்டுவதில் போய் விழுந்தது.

ஸ்பெயினின் கதையை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். நெருக்கடிக்குக் காரணம் தென் ஐரோப்பாவின் ஊதாரித்தனம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 2007இல் ஸ்பெயின் அரசின் பட்ஜெட்டில் உபரி இருந்தது. அதன் அரசுக் கடன் உற்பத்தியில் 40 சதவீதத்துக்கும் கீழே. ஜெர்மனியின் கடனைவிடக் குறைவு. மாஸ்ட்ரிக்ட் விதியை அது அப்போது மீறவில்லை. அப்படியும் வீட்டுச் சந்தை உடைந்தபோது வங்கிகள் சரிந்தன, 2013இல் வேலையின்மை 26 சதவீதத்தைத் தொட்டது. விதிகள் அரசின் கணக்கை மட்டும் பார்த்தன. நாடுகளுக்கிடையே ஓடிய தனியார் கடனைப் பார்க்கவில்லை. ஜெர்மனி சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தி ஏற்றுமதி உபரியைச் சேர்த்தது. அந்த உபரி வங்கிகள் வழியாகத் தெற்கே கடனாகப் பாய்ந்தது. தனித்தனி நாணயம் இருந்திருந்தால் ஜெர்மனியின் மார்க் ஏறியிருக்கும், ஸ்பெயினின் பெசேட்டா இறங்கியிருக்கும்; இடைவெளி இவ்வளவு காலம் வளர்ந்திருக்காது.

கிரேக்கம்: சம்பளம் இறங்கியது, கடன் இறங்கவில்லை

கிரேக்கத்தின் வழக்கு வேறு. அங்கே அரசின் தவறு அப்பட்டமானது. 2000களின் நடுவில் ஜெர்மனிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே கடன் பத்திர வட்டி வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு. சந்தை இரண்டு நாட்டையும் ஒரே தட்டில் வைத்தது. 2009 அக்டோபரில் புதிதாகப் பதவியேற்ற அரசு, முன்பு 3.7 சதவீதம் என்று சொல்லப்பட்ட பற்றாக்குறை உண்மையில் 12 சதவீதத்துக்கும் மேல் என்று அறிவித்தது. பிறகு அது 15 சதவீதத்துக்கும் மேல் என்று தெரிந்தது. கடன் கொடுக்க ஆளில்லை.

2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ மீட்புக் கடன் வந்தது. அதன் பெரும் பகுதி ஏற்கெனவே கடன் கொடுத்திருந்தவர்களுக்கே திரும்பிப் போயிற்று. பதிலுக்குச் சம்பளம், ஓய்வூதியம், அரசுச் செலவு வெட்டப்பட்டன. மாற்று விகிதம் இல்லாத நிலையில் போட்டித்திறனை மீட்க இருந்த ஒரே வழி உள்நாட்டுச் சம்பளத்தையும் விலையையும் நேரடியாகக் குறைப்பது.

இந்த வழியில் இரண்டு கண்ணிகள் இருந்தன. சம்பளம் குறைந்த அளவுக்குப் பொருள் விலை குறையவில்லை. கிரேக்கத்துக்கு ஏற்றுமதித் தொழிலும் பெரிதாக இல்லை. ஆகவே வலி முழுமையாக வந்தது, ஏற்றுமதி முழுமையாக வரவில்லை. இரண்டாவது கண்ணி இன்னும் கொடியது. சம்பளம் 751இலிருந்து 586 ஆனாலும் வாங்கிய வீட்டுக் கடன் அதே யூரோவில் அப்படியே நின்றது. நாட்டுக் கணக்கிலும் அப்படியே. 2012இல் தனியார் கடன் பத்திரங்களின் முகமதிப்பில் பாதிக்கு மேல் வெட்டிய பிறகும், உற்பத்தியே கால்வாசி சுருங்கிவிட்டதால், கடனுக்கும் உற்பத்திக்கும் உள்ள விகிதம் ஏறிக்கொண்டே போனது. 2013இல் நான்கில் ஒருவருக்கு மேல் வேலையில்லை.

2015 ஜூன் கடைசியில் வங்கிகள் மூடப்பட்டன. ஏ.டி.எம்.மில் ஒருவர் ஒரு நாளைக்கு 60 யூரோ எடுக்கலாம் என்று விதி. இருபது யூரோ நோட்டுகள் தீர்ந்துபோன பல இயந்திரங்களில் 50 யூரோ நோட்டு ஒன்றுதான் வந்தது. விதியில் இருந்த 60 கையில் 50 ஆனது. நாட்டில் பணம் அச்சடிக்கும் அதிகாரம் அரசிடம் இல்லை. ஜூலை 5 வாக்கெடுப்பில் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். சில வாரங்களில் அதே அரசு அதைவிடக் கடுமையான நிபந்தனைகளோடு இன்னொரு மீட்புக் கடனை ஏற்றது. யூரோவை விட்டு வெளியேறவும் பெரும்பான்மை மக்கள் விரும்பவில்லை; சேமிப்பு முழுதும் யூரோவில் இருக்க, புதிய டிராக்மா முதல் நாளே பாதி மதிப்பை இழக்கும் என்று அஞ்சினார்கள். நுழைவதைவிட வெளியேறுவது பலமடங்கு செலவு பிடிக்கும் ஏற்பாடு பொதுநாணயம்.

ஐஸ்லாந்தை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். 2008இல் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. குரோனா யூரோவுக்கு எதிராக ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது. விலைவாசி எகிறியது, வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியிருந்த குடும்பங்கள் நசுங்கின. மூலதனக் கட்டுப்பாடுகள் 2017 வரை நீடித்தன. ஆனால் வேலையின்மை கிரேக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவைத் தாண்டவில்லை. மீனும் சுற்றுலாவும் நாட்டைத் தூக்கிவிட்டன. அங்கே இழப்பு எல்லோர் மீதும் பரவியது. கிரேக்கத்தில் அது வேலை இழந்தவர்கள் மீது குவிந்தது.

ஐரோப்பாவின் பாதித் திருத்தம்

நெருக்கடியை நிறுத்தியது ஒரு பேச்சு. 2012 ஜூலை 26 அன்று, ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்று லண்டனில் அறிவித்தார். உறுப்பு நாட்டுப் பத்திரங்களை அளவில்லாமல் வாங்கும் திட்டம் தொடர்ந்து வந்தது. அதை ஒருமுறைகூடப் பயன்படுத்த வேண்டியிருக்கவில்லை. வாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்ததே வட்டியை இறக்கியது. வேறு யாரும் தராதபோது கடைசியாகக் கடன் கொடுக்க நிற்கும் மத்திய வங்கி இல்லாமல் பொதுநாணயம் நிலைக்காது என்பது அப்போது தெளிவாயிற்று.

2020இல் கொரோனாவுக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் 750 பில்லியன் யூரோ மதிப்பில் பொதுக் கடன் வாங்கி, பாதிப்பைப் பொறுத்து நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவு செய்தது. 2010இல் நினைத்துப் பார்க்க முடியாத காரியம் அது. இருந்தாலும் ஒன்றியத்தின் வழக்கமான பட்ஜெட் உறுப்பு நாடுகளின் வருமானத்தில் 1 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அமெரிக்க மத்திய அரசு நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செலவிடுகிறது. பொதுக் கருவூலம் இருந்தாலும் வலி இல்லாமல் போகாது என்பதையும் ஜெர்மனியே அறியும். 1990 ஜூலை 1 அன்று கிழக்கு ஜெர்மனியின் சம்பளங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மேற்கு ஜெர்மனியின் மார்க்குக்கு மாற்றப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே தொழில் உற்பத்தி ஏறத்தாழ பாதியாயிற்று. ஆனால் மேற்கிலிருந்து பணம் போயிற்று, கிழக்கிலிருந்து ஆட்கள் மேற்கே போனார்கள். அதனால்தான் அந்த இணைப்பு உடையவில்லை.

பிறர் கையில் இருக்கும் நாணயம்

1945இல் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக உருவாக்கிய சி.எஃப்.ஏ. பிராங்க், இன்றும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பதினான்கு நாடுகளில் புழங்குகிறது. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்பது நிலையான விகிதம். பிரெஞ்சுக் கருவூலம் அதற்கு உத்தரவாதம். இதன் பலன் விலைவாசியில் தெரிகிறது. பக்கத்து நாடான கானா ‘செடி’ என்ற சொந்த நாணயத்தை வைத்திருக்கிறது. 2022 இறுதியில் அங்கே பணவீக்கம் 50 சதவீதத்தைத் தாண்டியது. ஐவரி கோஸ்டில் அப்படி நேரவில்லை.

மறுபக்கம், பருத்தியும் கோகோவும் விற்கும் நாடுகளின் நாணயம், இயந்திரமும் காரும் விற்கும் ஐரோப்பாவின் நாணயத்தோடு சேர்ந்து ஏறுகிறது. கோகோ விலை சரியும் ஆண்டில் யூரோ வலுத்தால் இரட்டை அடி. பொதுநாணயம் இருந்தும் இந்நாடுகளுக்குள் நடக்கும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சிறு பங்குதான்; எல்லோரும் ஒரே மாதிரி மூலப்பொருளை வெளியே விற்பவர்கள், ஒருவருக்கொருவர் விற்க அதிகமில்லை. 1994 ஜனவரியில் பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டது. அதுவரை ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 ஆக இருந்தது 100 ஆயிற்று. நகரங்களில் இறக்குமதிச் சரக்கின் விலை எகிறியது. 2019இல் மேற்கு ஆப்பிரிக்க நாணயத்தின் பெயரை ‘எக்கோ’ என்று மாற்றுவதாகவும், கையிருப்பில் பாதியைப் பாரிஸில் வைக்கும் கட்டாயம் நீங்குவதாகவும் அறிவிப்பு வந்தது. யூரோவோடு உள்ள பூட்டு அப்படியே தொடர்கிறது.

இந்திய ரூபாயும் ஒரு காலத்தில் இப்படிப் பிறர் நாணயமாக இருந்தது. குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகப் பகுதிகள் எல்லாம் ரூபாயில்தான் கணக்கு வைத்தன. 1959இல் ரிசர்வ் வங்கி அவர்களுக்கென்றே வேறு நிறத்தில் வளைகுடா ரூபாய் அச்சடித்தது. 1966 ஜூன் 6 அன்று டெல்லி, டாலருக்கு 4.76 என்றிருந்த ரூபாயை 7.50 ஆக இறக்கியது. இந்தியாவின் பஞ்சத்துக்கும் போர்ச் செலவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத தோஹா, துபாய் வணிகர்களின் சேமிப்பும் அன்று சேர்ந்து கரைந்தது. குவைத்தும் பஹ்ரைனும் முன்பே சொந்த நாணயத்துக்கு மாறியிருந்தன. மிச்சமிருந்தவையும் ரூபாயைக் கைவிட்டன. முடிவெடுக்கும் மேசையில் இடமில்லாதவர், முடிவின் செலவை மட்டும் ஏற்க நேர்கிறது.

அர்ஜென்டினா இன்னொரு வழியை முயன்றது. 1989இல் ஆயிரக்கணக்கான சதவீதப் பணவீக்கத்தைக் கண்ட அந்நாடு, 1991இல் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டமே போட்டது. விலைவாசி அடங்கியது. ஆனால் 1999 ஜனவரியில் பக்கத்து பிரேசில் தன் ரியாலை மிதக்கவிட, அர்ஜென்டினாவின் சரக்கு அங்கே விலை போகவில்லை. டாலரும் அப்போது வலுவாக இருந்தது. 2001 டிசம்பரில் வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அரசு பூட்டுப் போட்டது, தெருக்களில் கலவரம், கடன் தவணை தவறியது, சில மாதங்களில் டாலர் மூன்றரை பெசோவைத் தாண்டியது. ஈக்வடார் 2000இல் தன் சுக்ரேயை ஒழித்து டாலரையே ஏற்றது. விலைவாசி நிலைத்தது, ஆனால் 2008லும் 2020லும் வெளிக்கடன் தவணைகளை அது சொன்னபடி கட்டவில்லை. கடன் ஒழுக்கத்தை டாலர் கற்றுத் தரவில்லை.

சொந்த நாணயம் மட்டும் போதுமா?

இதுவரை சொன்னவற்றை வைத்து, நாணயம் நம் கையில் இருந்தால் நலம் என்று முடிவு கட்டினால் இலங்கை மறுக்கும். அங்கே ரூபாயும் சொந்தம், மத்திய வங்கியும் சொந்தம். 2019 இறுதியில் வரிகளை வெட்டி, பள்ளத்தைப் பணம் அச்சடித்து நிரப்பினார்கள். 2021இல் டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோதும் டாலர் ஒன்றுக்கு 200 ரூபாயை ஒட்டிய விகிதத்தைப் பிடித்து வைத்தார்கள். வெளிச்சந்தையில் டாலர் அதைவிடக் கணிசமாக அதிகம் போனது. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் உழைப்பவர்கள் வங்கியை விட்டு உண்டியல் (ஹவாலா) வழியில் பணம் அனுப்பினார்கள். வீட்டுக்கு ரூபாய் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது, நாட்டுக்கு டாலர் வரவில்லை. வங்கி வழியாக 2020இல் 710 கோடி டாலர் வந்தது. 2021இல் அது 550 கோடி, 2022இல் 380 கோடி.

2022 மார்ச்சில் பிடியை விட்டபோது, இரண்டே மாதங்களில் டாலர் 360 ரூபாயை எட்டியது. ஏப்ரலில் வெளிக்கடன் தவணையை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பால்மாவுக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற மக்களின் சம்பளம் வெட்டப்படவில்லை. அதன் வாங்கும் சக்தி கரைந்து போயிற்று. ஏதென்ஸில் சட்டம் செய்ததை, கொழும்பில் விலைவாசி செய்தது. கடன் டாலரில் இருந்ததால் ரூபாயின் சரிவு கடன் சுமையையும் கூட்டியது. மிதக்கவிட வேண்டிய நேரத்தில் பிடித்து வைத்தால், மாற்று விகிதம் தாங்கு கருவியாக இல்லாமல் இடியாக விழுகிறது.

எனவே என்ன முடிவு?

ஒரு நாடு நிலையான மாற்று விகிதம், தடையற்ற மூலதன ஓட்டம், சொந்த வட்டிக் கொள்கை ஆகிய மூன்றில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். யூரோ நாடுகள் முதல் இரண்டை எடுத்து மூன்றாவதை விட்டன. இந்தியா விகிதத்தை ஓரளவு நெகிழவிட்டு, மூலதனத்துக்கும் கொஞ்சம் கடிவாளம் போட்டு, வட்டியைத் தன் கையில் வைத்திருக்கிறது. மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் கையிருப்பு தீர்ந்து நின்றார்கள்.

அண்மைக் காலத்தில் பிரிக்ஸ் நாடுகளுக்கு ஒரு பொதுநாணயம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. மேலே கண்ட அளவுகோலில் அது ஒன்றில்கூடத் தேறாது. சீனத் தொழிலாளி இந்தியாவுக்கு வேலை தேடி வர மாட்டார். பிரேசில் வரிப்பணம் தென்னாப்பிரிக்காவுக்குப் போகாது. சீனாவோடு நமக்குள்ள வர்த்தகப் பற்றாக்குறையைச் சரிசெய்ய மாற்று விகிதம் என்ற கருவியையும் விட்டுக்கொடுத்தால், சரிவு நம் தொழிற்கூடங்களின் சம்பளத்தில்தான் விழும். சொந்த நாணயங்களில் வணிகக் கணக்கைத் தீர்ப்பது வேறு விஷயம். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதற்கு வழி திறந்தது. அங்கேயும் எல்லை உண்டு. எண்ணெய் விற்ற ரஷ்யாவிடம் ரூபாய் குவிந்தது. அதை வைத்து இந்தியாவில் வாங்குவதற்குப் போதிய சரக்கு இல்லை. குவிந்த ரூபாயைப் பயன்படுத்த முடியாதது சிக்கல் என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் 2023இல் கோவாவிலேயே சொன்னார். பிறர் விரும்பி வாங்கும் சரக்குதான் ஒரு நாணயத்தை வெளியூரில் செல்லுபடியாக்குகிறது.

பொதுநாணயம் வணிகச் செலவைக் குறைக்கும். அந்த லாபம் உண்மையானது, அளவில் நடுத்தரமானது. அதற்கு ஈடாக நெருக்கடிக் காலத்தில் நலிந்தவர் முழுச் சுமையையும் ஏற்க நேராமல் இருக்க வேண்டுமானால், பொதுக் கருவூலமும், ஆட்கள் தடையின்றி இடம்பெயரும் உரிமையும், கடைசியாகக் கடன் கொடுக்க நிற்கும் மத்திய வங்கியும் நாணயத்துக்கு முன்னாலேயே வர வேண்டும். ஐரோப்பா நாணயத்தை முதலில் கொண்டுவந்து மற்றவற்றைப் பிறகு தேடியது. அதற்கான கட்டணத்தை கிரேக்க, ஸ்பானிய இளைஞர்கள் தங்கள் வேலையால் கட்டினார்கள். இனி எந்த வட்டாரத்தில் இந்தத் திட்டம் பேசப்பட்டாலும், நாணயத்தின் பெயரையும் படத்தையும் தீர்மானிக்கும் முன், இழப்பு வரும் ஆண்டில் யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.